40 ஓவர், 40 கிலோமீட்டர் வேகம்

“நாப்பது ஓவர் போட்டாச்சு தம்பி. இதுக்கு மேல இந்த பேரல்ல எடுக்க ஒண்ணும் இல்ல. இனிமே உங்க கையிலதான் இருக்கு,” என்றார் பாய், என் புல்லட்டின் மெக்கானிக். லேத்திலிருந்து அன்று காலைதான் வந்திருந்த பேரலை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, வெளிச்சம் பக்கமாகத் திருப்பி, உள்ளே பார்க்கச் சொன்னார்.

புதிதாகப் போர் பண்ணிய, அதாவது உள்பக்கத்தைச் சீவிப் பெரிதாக்கிய சிலிண்டர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் அது கெட்ட சிலிண்டர். இதில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடுகள், முறத்தில் மூங்கில் பத்தை குறுக்கும் நெடுக்கும் ஓடுவது போல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. சீவிய பிறகு உள்ளே தேய்க்கிற ஹோனிங் கல் விட்டுப்போன கோடுகள். நகத்தால் மெதுவாக வருடினால் லேசான சொரசொரப்பு தெரிந்தது. அந்தச் சொரசொரப்பு எப்படித் தேயப்போகிறது என்பதில்தான் இந்த இன்ஜினின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது.

என் வண்டி 1986-ஆம் வருடத்து புல்லட் 350. இரும்பு பேரல், வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். 1998-ல் இரண்டாம் கையாக வாங்கினேன். போர், அதாவது பேரலின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர், 346 சிசி, 18 குதிரைத் திறன். பேரல் தேயும்போது உள்ளே கொஞ்சம் சீவிப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். முதல் தடவை 20 ஓவர், அடுத்து 40 ஓவர். ஒரு ஓவர் என்பது ஒரு தவ், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 40 தவ் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதையும் தாண்டினால் பேரலுக்குள் ஸ்லீவ் என்கிற புது இரும்புக் குழாய் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பேரல் தேட வேண்டும். திருவொற்றியூர் தொழிற்சாலையில் இந்த வண்டியோடு பிறந்த பேரல் இது. அதை நான் இழக்க விரும்பவில்லை.

இதில் எனக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. 20 ஓவரை வீணாக்கியவன் நானேதான்.

2011-ல் நடந்தது. அப்போதும் இதே மாதிரி இன்ஜின் இறக்கி வேலை பார்த்து, 180 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மதுரையில் ஒரு கல்யாணம். காலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மெதுவாகத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாலுவழிச் சாலை, பனிக்காற்று, இன்ஜின் சத்தம் அவ்வளவு சுத்தம். முள் 60-க்கு வந்து, 70-க்கு வந்து, 80-ல் நின்றது. இருபது நிமிடம் ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் பிடித்தபடி வந்தேன். விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து யாரோ வண்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு கனம். எதிர்காற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்ஜினுக்குள் ‘கீர்’ என்று ஒரு சத்தம், பின் சக்கரம் ஒரு முறை பிடித்து விட்டது. கிளட்ச் மேல் விரல் இருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கங்களில் அலுமினியம் உருகி நெடுக்காக இழுபட்டிருந்தது. பேரலிலும் அதே கோடு. பிஸ்டன் மாற்றி, பேரலைக் கல் போட்டுத் தேய்த்து, எப்படியோ ஓட்டினேன். அன்று முதல் அது எண்ணெய் தின்னும் இன்ஜினாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் நீலப் புகையோடு ஓடிய வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல்யாண நாள் ஞாபகம் வரும்.

அங்கே என்ன நடந்தது என்று புரிய எனக்கு நாளாயிற்று. பிஸ்டன் அலுமினியம், பேரல் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதோடு பிஸ்டன்தான் நெருப்புக்கு நேர் எதிரே நிற்கிறது, பேரலுக்கோ வெளியே காற்று படுகிறது. இரண்டுக்கும் நடுவே விடுகிற இடம் ஒரு தலைமுடி நுழையும் அளவுதான். புது பேரலில் சொரசொரப்பு இன்னும் தேயாததால் உராய்வும் அதிகம், சூடும் அதிகம். ஒரே வேகத்தில் நெடுநேரம் முறுக்கிப் பிடித்தால் பிஸ்டன் விரிந்துகொண்டே போகும், பேரல் அதற்கு ஈடாக விரியாது. நடுவில் இருந்த இடம் தீர்ந்ததும் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும். பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது அந்த நேரம்தான். அப்போதே ஆக்சிலேட்டரை மூடி கிளட்சைப் பிடித்திருந்தால் பேரல் பிழைத்திருக்கும்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, பாயிடமும் சொல்லிவிட்டேன். “வாங்க தம்பி, ஆனா அவசரப்படுத்தக் கூடாது,” என்றார். சரி என்றேன்.

பேரலை முதலில் அவர் குளிப்பாட்டினார். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வெந்நீரில் சோப்புத் தூளைக் கரைத்து, பிரஷ் போட்டு, உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பெட்ரோல் விட்டுத் துடைத்தால் போதாதா என்று கேட்டேன். பெட்ரோல் எண்ணெயைத்தான் எடுக்கும், கல் தூளை எடுக்காது என்றார். கழுவி முடித்து ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்துக் காட்டினார். துணியில் சாம்பல் கறை. மறுபடி வெந்நீர். நாலாவது தடவைதான் துணி வெள்ளையாகவே வந்தது. உடனே எண்ணெய் தடவினார், இல்லாவிட்டால் அரை மணியில் துரு பூத்துவிடும். கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கல் தூள் எண்ணெயோடு கலந்தால் பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையமான புது ரிங்கையும் புது பேரிங்கையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தின்றுவிடும். அப்படி ஓட்டிய இன்ஜினை யாரும் பழக்க முடியாது.

பிறகு ரிங். ஒவ்வொரு ரிங்கையும் தனியாக பேரலுக்குள் வைத்து, பிஸ்டனின் தலையாலேயே கீழே தள்ளி நேராக உட்கார வைத்து, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். சூட்டில் ரிங்கும் நீளும். வாய் இரண்டும் முட்டிக்கொண்டால் ரிங் உடைந்து பேரலைக் கீறிவிடும். ஒரு ரிங்கில் கேஜ் நுழையவே இல்லை. சின்ன அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன்.

கிராங்கில் புது கனெக்டிங் ராடும், அது கிராங்கோடு சேரும் முனையான பிக் எண்டில் புது ஃப்ளோட்டிங் புஷ்ஷும் போட்டிருந்தது. கார்புரேட்டரில் ஊசியை ஒரு படி தூக்கி வைத்தார், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும் என்று. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும், இந்த நேரத்தில் அது ஆகாது. டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வைக்க அந்தப் பொறியை உண்டாக்கும் பாயிண்டுக்கு நடுவில் ஒரு சிகரெட் தாளைச் செருகி, மெதுவாக இழுத்தபடியே இன்ஜினைச் சுற்றினார். தாள் வழுக்கி வெளியே வருகிற அந்தக் கணம்தான் பாயிண்ட் திறக்கிற கணம். அவரிடம் அதற்கான மின்விளக்குக் கருவி இருக்கிறது. ஆனால் தாள்தான் அவர் கைக்குப் பழக்கம்.

இன்ஜினை வண்டியில் ஏற்றிய பிறகும் உடனே உதைக்க விடவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, வெறும் இன்ஜினை ஐம்பது உதை உதைக்கச் சொன்னார். இந்த இன்ஜினில் எண்ணெய் பம்ப் கிராங்கின் ஓட்டத்திலேயே சுற்றுகிறது. இன்ஜின் சுற்றினால்தான் எண்ணெய் நகரும். மேலே வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகிற குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி வைத்திருந்தார். முப்பது உதைக்கு மேல் அந்த இடத்தில் ஒரு துளி திரண்டது. பிறகு இன்னொன்று. “வந்துருச்சு,” என்று போல்ட்டை இறுக்கினார். என் சட்டை நனைந்திருந்தது.

பிளக்கை மாட்டி, சிலிண்டருக்குள் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசரைப் பிடித்து ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, காலை மேலே கொண்டுவந்து ஒரே உதை. பிடித்துக்கொண்டது. இரண்டாவது உதை தேவைப்படவில்லை. இன்ஜினுக்கு முன்னால் ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேனைப் போட்டிருந்தார், வண்டி நிற்கும்போது இரும்பு பேரலுக்குக் காற்று வேண்டுமே. இரண்டு நிமிடம் ஓட்டி அணைத்தார். பேரலில் கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை டீ குடித்தோம். திரும்ப ஸ்டார்ட், கொஞ்சம் கூடுதல் நேரம், திரும்ப ஆறவிட்டது. மூன்று தடவை. “ஓவரா நிக்க வெச்சு ஓட்டாதீங்க தம்பி, ரிங் உக்காராது. ரோட்டுலதான் உக்காரும்,” என்றார்.

ரிங் உட்காருவது என்று எல்லா மெக்கானிக்கும் சொல்லும் அந்த விஷயம் இதுதான். ரிங்குக்கு பேரலை அழுத்திப் பிடிக்கச் சொந்த வலு கொஞ்சம்தான். பெட்ரோல் எரியும்போது எழும் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அப்போதுதான் ரிங் பேரலை நன்றாக உரசி, ஹோனிங் கோடுகளின் கூர்மைகளைத் தேய்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பள்ளங்கள் அப்படியே இருந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும். லேத்தில் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் இந்தக் கடைசித் தேய்ப்பை லேத்தால் செய்ய முடியாது. அந்த பேரலில், அந்த ரிங்கோடு, வண்டி ஓட்டுகிறவன் தன் வலது மணிக்கட்டால்தான் செய்ய வேண்டும்.

அதனால்தான் ரன்னிங் இன், அதாவது புது இன்ஜினைப் பழக்குவது, என்றால் மெதுவாகப் போவது என்று மட்டும் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாய் எனக்குச் சொன்ன கணக்கு: 500 கிலோமீட்டர் வரை 40, ஆயிரம் வரை 50, இரண்டாயிரம் வரை 60. இதைக் கேட்டுக்கொண்டு, நாலாவது கியரில் 25-ல் உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஒவ்வொரு அடிக்கும் திணறும். குறைந்த சுற்றில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், எண்ணெய் குறைவாகத்தான் வரும், ஆனால் பிக் எண்ட் மேல் விழும் அடி முழு அடி. அது 70-ல் ஓட்டுவதைவிடக் கெடுதல். இன்னொரு பக்கம், சுமையே கொடுக்காமல் பூ மாதிரி ஓட்டினால் ரிங் உட்காராது. மேலே ஏறும் எண்ணெய் சூட்டில் பேரல் மேல் மெழுகு போட்ட மாதிரி படிந்து, கோடுகளை மூடிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் புகைதான். இறக்கிக் கல் போடாமல் அது போகாது.

எடுத்த எடுப்பிலேயே முழுசாக முறுக்கி ஓட்ட வேண்டும் என்று சொல்கிற கட்சியும் உண்டு. இன்றைய இன்ஜின்களில் தொழிற்சாலையிலேயே கோடுகளின் கூர்மையை எடுத்துவிடுகிறார்கள், பேரலும் அலுமினியம். அங்கே அந்தப் பேச்சு ஓரளவு எடுபடலாம். இரும்பு பேரல் புல்லட்டில் அதைச் செய்யச் சொல்கிறவர்கள் கையில் சூட்டில் பேரலோடு பிடித்துக்கொண்ட, சீஸான பிஸ்டனை ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

நான் செய்தது இது. தினமும் காலையில் ஐந்தரைக்கு, வெயில் ஏறுவதற்குள், திருவானைக்கோவிலிலிருந்து கல்லணைச் சாலை. திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று காவிரிக் கரையோடு போகிற சாலை. இரண்டு பக்கமும் வாழை. வளைவு உண்டு, வேகத்தடை உண்டு, குறுக்கே மாடு வரும். எந்த இடத்திலும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரே வேகத்தில் போக முடியாது. நாலுவழிச் சாலையில் கிடைக்காதது இதுதான், இன்ஜினுக்கு இந்த நேரத்தில் வேண்டியதும் இதுதான். மூன்றாவது கியரில் 25-லிருந்து 40 வரை தயங்காமல் இழுப்பேன், முக்கால் பங்கு முறுக்கு இல்லை, பாதிக்கும் கீழே. 40 வந்ததும் ஆக்சிலேட்டரை முழுசாக மூடி வண்டியைத் தானாகக் குறைய விடுவேன். மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி எண்ணெய் கொஞ்சம் மேலே ஏறும், பிஸ்டனும் ஆறும். திரும்ப இழுப்பு, திரும்ப மூடல். அணையின் பக்கம் வந்ததும் நிறுத்தி, ஆற விட்டு, திரும்பி வருவேன்.

நாலாவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே இந்த இன்ஜின் சுற்றுகிறது என்று கணக்குப் போட்டேன். 2000 என்றே வைத்தால், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு நிமிடத்துக்கு 360 மீட்டர் பேரலை உரசிக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறது. மெதுவாகப் போகிறோம் என்று நமக்குத்தான் தோன்றுகிறது.

முதல் எண்ணெய் மாற்று 50 கிலோமீட்டரில். அவ்வளவு சீக்கிரமா என்று பலர் கேட்டார்கள். எண்ணெய் 20W-50, மினரல்தான், சிந்தெடிக் வேண்டாம் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய எண்ணெயை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் இறக்கி வெயிலில் வைத்தோம். தேன் நிறம் போய்ச் சாம்பல் கலந்திருந்தது. கிண்டினால் உள்ளே ஜிகினா தூவிய மாதிரி மினுமினுப்பு சுழன்றது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உள்ளே விட்டார். எடுத்தபோது மை மாதிரி கறுப்பாக ஒரு பசை ஒட்டியிருந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். “பசையா இருந்தா தேய்மானம். செதிலா இருந்தா உடைசல். இது நல்லது,” என்றார். 250-ல் மறுபடி மாற்றினோம், மினுமினுப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. 500-ல் எண்ணெயோடு ஃபெல்ட் ஃபில்டரும் மாற்றினோம். அந்தத் தடவை தேடிப் பார்த்தால்தான் ஒன்றிரண்டு மினுக்கு. எண்ணெய்ச் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, போரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கொடுத்த பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

100-ல் பேரலின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகளை இறுக்கினோம், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, அதிகாலையில். கேஸ்கெட் அமுங்கியிருந்ததால் ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் சுற்றியது. ஹெட் இறங்கினால் டேப்பெட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி, மாறும். வலது பக்கச் சின்ன மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் திறக்கத் தள்ளும் இரண்டு புஷ்ராடுகளின் அடி தெரியும். பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலையில் வைத்து, புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். தங்கு தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் டக்டக் சத்தம், சுற்றாவிட்டால் வால்வு கருகிவிடும். இந்த ஒரு வேலையை மட்டும் பாய் என்னையே செய்ய வைத்தார். மூன்று தடவை தப்பாக வைத்தேன், நாலாவதில் தலையை ஆட்டினார். இப்போது வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறேன்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிட்ச் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிய பிறகும் அந்த இரும்பு இன்ஜின் இங்கே நம் ஊரில் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் திருச்சியில் ஒரு சந்துக்குள் இதன் ரிங்கும் புஷ்ஷும் கிடைக்கின்றன, அதைத் தொட்டே ஐம்பது வயதான கைகளும் கிடைக்கின்றன. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இன்ஜின் பழகாத வண்டிகளின் பின்னால் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று அட்டை மாட்டியிருப்பார்கள். ஒரு நாள் கிளிக்கூடு பக்கம் ஒரு மினி பஸ் பின்னாலேயே நின்று ஹாரன் அடித்தபோது, எனக்கும் அப்படி ஒன்று எழுதி மாட்டலாம் என்று தோன்றியது. மாட்டினேன். தமிழில் எழுதினேன்: ‘புது இன்ஜின், முந்திச் செல்லவும்’. அதற்கப்புறம் ஹாரன் குறைந்தது உண்மை. இரண்டு பேர் வண்டியை நிறுத்தி என்ன இன்ஜின், எங்கே போர் பண்ணீங்க என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

620-ஆவது கிலோமீட்டரில் அது நடந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். கல்லணை தாண்டி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பாலத்து ஏற்றம் ஒன்று. தினமும் கொடுக்கிற அதே அளவு முறுக்குத்தான் கொடுத்தேன். ஏறி முடித்ததும் முள்ளைப் பார்த்தால் வழக்கத்தைவிட ஐந்து கூடுதலாக நின்றது. ஆக்சிலேட்டரை மூடினேன். முன்பெல்லாம் மூடிய உடனே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற இன்ஜின், இப்போது நெடுந்தூரம் தானாக ஓடியது. சத்தமும் மாறியிருந்தது. பேரலிலிருந்து வந்த அந்த வறண்ட உரசல் இல்லை. ஓரமாக நிறுத்தி, சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையை வைத்துப் பார்த்தேன். உலர்ந்த கரிதான், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பன்னிரண்டு வருடம் நீலப் புகையைப் பார்த்தவன் நான். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அன்று மாலை அதைப் பாயிடம் காட்டினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. கார்புரேட்டர் ஊசியை இப்போதே பழைய படிக்கு இறக்கிவிடலாமா என்று கேட்டேன். ஆயிரம் ஆகட்டும் என்றார்.

நேற்று ஆயிரம் தாண்டி, 1,040. ஊசியை இறக்கினார், பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளி சரி பார்த்தார், பேரல் மேல் கை வைத்து இன்ஜினை ஒரு நிமிடம் ஓட விட்டார். “அறுபது வரைக்கும் போங்க. ஆனா புடிச்சு வெக்காதீங்க,” என்றார். கொல்லிமலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஏற வேண்டிய மலை. “ரெண்டாயிரம் ஓட்டிட்டு வாங்க, டேப்பெட் பாத்து அனுப்புறேன்.”

இன்னும் 960 கிலோமீட்டர் இருக்கிறது. நாளைக்கும் காலை ஐந்தரைக்குக் கல்லணைச் சாலைதான்.